தீ படாத பட்டை

எங்கள் ஊரில் நட்டைக் கழற்றுகிற வழக்கம் கிடையாது. மாட்டுகிற அன்றைக்கு மட்டும்தான் ஸ்பேனருக்கு வேலை. கழற்ற வேண்டிய நாள் வருவதற்குள் துரு ஏறி, அதன் மேல் உப்புப் பூத்து, நட்டு எங்கே முடிகிறது போல்ட் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஆகிவிடும். மரக்காணத்துக் காற்று அப்படி. புது சைக்கிளின் பெல் அடுத்த மழைக்குள் ஊமையாகிவிடும். அதனால் கழற்ற வேண்டியது எதுவாக இருந்தாலும் கேஸ் வைத்து வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டுவதில் எங்கள் பக்கத்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பேர் வாங்கியவர் என் மாமா, அம்மாவின் அண்ணன்.

சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டு அவர் பட்டறை வைத்திருந்தார். வெட்டுவது போலவே ஒட்டுவதிலும் கெட்டிக்காரர். ஆனால் ஒட்டியதோடு மனது ஆறாது. வேலை முடிந்த பிறகு ஓர் அடி பின்னால் போய் நின்று பார்ப்பார். பிறகு முகத்துக்குக் கருப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, “எதுக்கும் இருக்கட்டும், ஒரு பொட்டு” என்று சொல்லி இன்னொரு இடத்தில் வெல்டிங்கைத் தொட்டு வைப்பார். கேட்டுக்கும் பொட்டு, ஏணிக்கும் பொட்டு. கீல் ஆடுகிறது என்று நான் கொண்டுபோன ஜாமெட்ரி பாக்ஸுக்கும் ஒரு பொட்டு வைத்தார். அதன் பிறகு அது மூடவே இல்லை. ஐந்தாம் வகுப்பில் மூடாத ஜாமெட்ரி பாக்ஸ் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. மாமா கையில் தீப்பொறி பறப்பதைப் பார்த்த பிறகு, உலகத்தில் வேறு எந்த வேலையும் வேலையாகவே எனக்குத் தோன்றவில்லை.

எங்களிடம் ஒரு பழைய மினி லாரி இருந்தது. அதை ஓட்டியது அம்மா. வாங்கியது என்னவோ அப்பா ஓட்டுவதற்குத்தான். வாங்கிய மாதத்திலேயே ஒரு நாயைக் காப்பாற்றப்போய் வண்டியை முழுசாக உப்புப் பாத்திக்குள் இறக்கினார். நாய் பிழைத்தது. அப்பா அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. யாராவது கேட்டால் தனக்குக் கண் சரியில்லை என்பார். அந்தக் கண்ணால்தான் தினமும் பேப்பரில் பொடி எழுத்து விளம்பரம்வரை படிப்பார். அம்மா லைசென்ஸ் எடுத்தார், அப்பா கிளீனர் ஆனார். இரண்டு பேருக்குமே அவரவர் வேலை பிடித்துப்போயிற்று.

அதற்கு முன்னால் அம்மா உப்பளத்தில் உப்புச் சுமந்தவர். வருடக் கணக்காக உப்புத் தண்ணீரில் நின்ற கால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, ராத்திரியில் தேங்காயெண்ணெய் தடவும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். லாரி வந்த பிறகு அந்தக் கால் மெல்ல மெல்ல ஆறியது. ஒரு பொங்கலுக்கு அம்மா கொலுசு போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்த லாரிக்கு என்ன மதிப்பு என்றால் இதுதான் மதிப்பு. வண்டி நின்றால் அம்மாவின் கால் மறுபடியும் தண்ணீரில் இறங்க வேண்டும்.

வண்டி நிற்கத்தான் செய்தது. பாத்தியிலிருந்து வாரிய உப்பு ஈரமாக இருக்கும். பார்வைக்குக் கொஞ்சமாகத் தெரியும், ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடப் பார்க்கும். அச்சுக்கு மேலே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்புப் பட்டைகள்தான் அத்தனை பாரத்தையும் தாங்கி வளைந்து நிமிர வேண்டும். இன்னும் ஒரு பட்டை சேர்த்துப் போட்டால் பின்பக்கம் தொங்காது என்று மாமா சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்குள் விடச் செய்தார். அச்சையும் பட்டைகளையும் சேர்த்துக் கட்டுகிற யு வடிவ போல்ட்டுகளைக் கேஸ் வைத்து வெட்டினார், இரண்டு பக்கமும் பட்டையைச் சேர்த்தார், பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய போல்ட்டுகளை எடுத்து மாட்டினார். நான் கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழாவில்கூட அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் நின்றதில்லை.

சில நாளிலேயே, அளத்துப் பாதையில் இருக்கிற மதகின் மேல் ஏறி இறங்கும்போது இடப்பக்கத்து மெயின் பட்டை, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பெரிய பட்டை, துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் போட்டு உடைந்தது. பாதி உப்பு வாய்க்காலில் கொட்டியது. பட்டை மட்டம் என்று மாமா திட்டினார். வேறொன்று வாங்கி மாட்டினார். இந்த முறை அசையவே கூடாது என்று, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்புக்கும் பட்டைக்கும் நடுவில் நல்ல தாராளமாக ஒரு பொட்டும் வைத்தார். அதே மதகில், அதே சத்தத்தோடு அதுவும் உடைந்தது. அளத்துக்காரர் பைக்கில் வந்து வாய்க்காலில் கரைகிற உப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கத்தியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“சீசன் முடியப்போவுதும்மா. மழைக்குள்ள எல்லா உப்பும் ரோட்டுப் பக்கம் குடோனுக்குப் போயாவணும். இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன். தப்பா நெனைக்காத.”

அம்மா தப்பாக நினைக்கவில்லை. உடைந்த பட்டைகள் இரண்டையும் வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். முதலாவது பட்டையின் ஓரத்தில் தீ நக்கிய மாதிரி ஒரு சின்னப் பள்ளம். உடைப்பு சரியாக அந்தப் பள்ளத்தில் தொடங்கியிருந்தது. இரண்டாவது பட்டை பொட்டு வைத்த இடத்தில் பொட்டோடு சேர்ந்து பிளந்திருந்தது. அம்மா துணி மாற்றிக்கொண்டு, இரண்டு துண்டுகளையும் உரச் சாக்கில் போட்டுக் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார்.

அங்கே லாரி பட்டை விற்கிற கடைக்காரர் துண்டுகளைக் கையில் எடுக்கக்கூட இல்லை. சாக்கைப் பிரித்ததும் சிரித்துவிட்டார். “எவம்மா இதுல வெல்டிங் வச்சது?” என்றார்.

நான் பெருமையாக வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை ஒரு பிடி பிடித்தார். “தெரிஞ்சவங்கதாங்க” என்றார்.

பட்டை வளைந்து நிமிர்வது அதற்குக் கொடுத்திருக்கிற பதத்தால்தான் என்றும், தீ பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும் என்றும் அவர் சொன்னார். தீ மட்டுமில்லை, உளி பட்டு ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்புமாம். அம்மா கடையை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய யு போல்ட்டை மறுபடி போடலாமா? கூடாது. எப்போது முறுக்குவது? ஜாக்கியை இறக்கி, வண்டியின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி. அதோடு சரியா? சரியில்லை, லோடோடு கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்க வேண்டும். கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போக முடியாமல் தவித்தார். மெயின் பட்டை ஒன்றும் புது யு போல்ட்டுகளும், மாமா சேர்த்ததற்குப் பதிலாக இரண்டு பக்கமும் போடுவதற்கு அதே வளைவில் பக்கத்துக்கு ஒரு கூடுதல் பட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் அந்தச் சாக்குக்கு லக்கேஜ் போட்ட கண்டக்டர், என்னை மடியில் உட்கார வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அது அவமானமாக இருந்தது.

மாமா கேஸ் சிலிண்டரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு தயாராக வந்தார். அம்மா லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“தீ வேணாம்ணா.”

“தீ இல்லாம? மரக்காணத்துல நட்டு கழட்டுனவன எங்கனா பாத்திருக்கியா நீ?”

“இது வரைக்கும் இல்ல. மத்த பட்டையெல்லாம் நல்லா இருக்குது, வலது பக்கம் மொத்தமும் நல்லா இருக்குது. அதுல தீ படக்கூடாது.” அம்மா வாசலில் கிடந்த துண்டுகளைக் காட்டினார். “ரெண்டும் உன் கை பட்ட எடத்துலதான் ஒடஞ்சிருக்குது. பாரு.”

மாமா பார்த்தார். காது நுனி சிவந்தது. சிலிண்டரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வாசலில் வைத்திருந்த டீயைக்கூடத் தொடவில்லை. அன்றைக்கு நான் அம்மாவோடு பேசவில்லை. மாமாவை அப்படிப் பேசலாமா என்று எனக்குக் கோபம். பொட்டு விழுந்த பட்டையைக் கையில் எடுத்து, உடைந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அம்மா சொன்னதில் பொய் கண்டுபிடிக்க வேண்டும் என்று ரொம்ப நேரம் முயற்சி செய்தேன். கிடைக்கவில்லை. மறுநாள் கட்சி மாறிவிட்டேன். எந்தக் கட்சியில் இருந்தாலும் அதில் தீவிரமாக இருப்பது என் சுபாவம்.

டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து, நட்டுகளைத் துணியால் சுற்றி, காலையும் மாலையும் ஊற்றினோம். நடுநடுவே அப்பா சின்னச் சுத்தியால் ஒவ்வொரு நட்டையும் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுவார். தெருவில் போகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. “லாரிக்கு எண்ணெய்க் குளியலா?” என்று கேட்டார்கள். “தலை துவட்டி விடுங்க, சளி புடிச்சிக்கும்” என்றார் ஒருவர். அம்மா வானத்தை அடிக்கடி பார்த்தார். மழை வந்துவிட்டால் நட்டு கழன்று என்ன பிரயோஜனம்.

கடைசியில் ஒரு நாள் காலை, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தொங்கியபோது, ஒரு நட்டு கிறீச்சென்று கத்திக்கொண்டு கால் சுற்றுத் திரும்பியது. இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இன்னும் கால் சுற்று. பிறகு அரைச் சுற்று. கழன்று கையில் வந்துவிட்டது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதைச் சட்டையில் துடைத்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனார். ஸ்பேனரால் கழன்ற நட்டை ஊரே கையில் வாங்கிப் பார்த்தது. பிள்ளை பிறந்தபோதுகூட அவர் இப்படி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை என்று அம்மா பின்னால் சொன்னார். பிறந்த பிள்ளை நான்தான்.

எல்லா நட்டும் அப்படி வழிக்கு வரவில்லை. மசியாத போல்ட்டுகளை ஆக்சா பிளேடால் அறுத்தார்கள். அறுக்கும்போது பிளேடு நழுவிப் பட்டையில் கீறிவிடக் கூடாதென்று அம்மா நடுவில் ஒரு தகரத்தைச் செருகினார். அந்தத் தகரத்தை அசையாமல் பிடித்திருப்பது என் வேலை. என் கை மரத்துப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார். வெறுங்கையோடு வந்தார்.

“எந்த நட்டு கழண்டுது? குடு பாப்போம்.”

அப்பா பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாமா அதை விரலில் உருட்டி, உள்ளே இருந்த மரையை வெளிச்சத்தில் பார்த்தார். மரை ஒரு இடத்திலும் தேயவில்லை. அவர் நட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பா கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். “மாப்ள, நீ அறுக்குறதப் பாத்தா தீபாவளிக்குத்தான் முடியும் போல” என்றார். பாதியில் இருந்த வேலை அன்று மதியத்துக்குள் முடிந்தது.

புதுப் பட்டைகளை அடுக்கி, யு போல்ட்டுகளை மாட்டி, மாமா குழாயை எடுத்தபோது அம்மா குறுக்கே வந்தார். முதலில் ஜாக்கியை இறக்கச் சொன்னார்.

“தீ வைக்கக்கூடாது. ஜாக்கியில நிக்க வச்சு முறுக்கக்கூடாது. நான் மூச்சாவது வுடலாமா?”

“வுடுண்ணா. மூலைக்கு மூலையா மாத்தி மாத்தி முறுக்கிக்கினே வுடு.”

மாமா முறுக்கினார். நெற்றி நரம்பு புடைக்க, ஒவ்வொரு மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக. அந்த முறுக்கு அம்மாவாலோ அப்பாவாலோ முடிந்திருக்காது. முடிந்ததும் பழக்கத்தில் ஓர் அடி பின்னால் போய் நின்றார். அவருடைய வலது கை தானாக எதையோ தேடியது. அம்மா அவரைப் பார்த்தார். மாமா அந்தக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, “நான் ஒண்ணும் சொல்லலியே” என்றார்.

மறுநாள் மதியம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அளத்தில் குவித்து வைத்த உப்பு அப்படியே இருந்தது. பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து வந்து லாரியில் கொட்டினார்கள். அம்மா பாதி லோடு போதும் என்று சொல்வார் என்று அளத்துக்காரர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அம்மா சொல்லவில்லை. முழு லோடு ஏற்றிக்கொண்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மதகை நோக்கி மெல்ல வந்தார். அப்பா முன்னால் பின்னோக்கி நடந்தபடி இரண்டு கையாலும் வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். மதகுக்குப் பக்கத்தில் மாமா சேற்றில் ஒரு முழங்கால் ஊன்றி, தலையைச் சாய்த்து, இடப்பக்கத்துப் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கூடை சுமந்தவர்கள் எல்லாம் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியது. வண்டி இடப்பக்கம் சரிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சத்தம் வரவேண்டிய நேரம் வந்தது, சத்தம் வரவில்லை. வண்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி அமுங்கி, மெதுவாக நிமிர்ந்து, மதகைத் தாண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார், கன்னமெல்லாம் ஈரம். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரனை அமுக்கிவிட்டேன். அம்மா திட்டவில்லை. அவரும் சேர்ந்து ஒரு தடவை அமுக்கினார்.

முதல் நடை குடோனில் இறக்கியதும், கடைக்காரர் சொன்னபடி மாமா மறுபடி குழாயைப் போட்டார். முந்தின நாள் அவர் உயிரைக் கொடுத்து முறுக்கிய நட்டு இன்னும் கால் சுற்று உள்ளே போயிற்று. “அட” என்றார் மாமா. பிறகு நடை நடையாக ஓடினோம். ஒவ்வொரு முறையும் மதகில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதையும் மறந்துவிட்டார்கள். கடைசிக் குவியலும் குடோனுக்குள் விழுந்து, கதவைச் சாத்திய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. அளத்துக்காரர் எல்லோருக்கும் வடையும் டீயும் வரவழைத்தார். அடுத்த சீசனுக்கும் இந்த வண்டிதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அங்கே ஒதுங்கி நின்ற வேறு லாரிக்காரர்கள் குனிந்து குனிந்து எங்கள் பட்டையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அம்மாவிடம், “யாரு வேல இது?” என்று கேட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

“எங்கண்ணன்தான் போட்டுக் குடுத்தாரு” என்றார் அம்மா. “பட்டைப் பக்கம் தீயே கொண்டு போவ மாட்டாரு.”

மாமா டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. திண்டிவனம், உரச் சாக்கு, டீசல், தகரம் எல்லாவற்றையும் அங்கேயே போட்டு உடைப்பதற்காக வாயைத் திறந்தேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு முழு வடையை அந்த வாயில் திணித்தார். அது மென்று முடிவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில், “ஏம்மா பொய் சொன்ன?” என்று கேட்டேன்.

“எது பொய்? முறுக்குனது யாரு?” என்றார் அம்மா. கொஞ்ச தூரம் போன பிறகு, “வண்டி நம்மகிட்ட இருக்குதுல்ல, பேரு அண்ணன்கிட்ட இருக்கட்டும்” என்றார். அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை.

அடுத்த வாரமே மாமாவின் பட்டறை முன்னால் லாரிகள் வரிசை கட்டின. தகரத்தில் சிவப்புப் பெயின்ட்டால் அவரே எழுதி ஒரு போர்டு மாட்டினார்: ‘பட்டையில் கேஸ், வெல்டிங் வைக்கப்படாது. யாரும் கேட்க வேண்டாம்.’ டீசல் ஊற வைப்பதைப் பற்றி அவர் மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும். கிளீனர் வேலை பார்த்த அப்பாவுக்கோ, தகரம் பிடித்த எனக்கோ அதில் ஓர் ஓரத்திலாவது இடம் கொடுத்திருக்கலாம்.

அம்மாவுக்கு மட்டும் எரியவில்லை. இன்றைக்கும் அவர்தான் ஓட்டுகிறார், அதைவிடப் பெரிய வண்டி. அந்தப் பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைத்து, ஒரே ஒரு தடவை ஹாரன் அடிப்பார். மாமா வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே கையை மட்டும் உயர்த்துவார். ரோட்டில் மாடு வரும், அதற்குத்தான் அம்மா ஹாரன் அடிக்கிறார் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு மாட்டையும் நான் பார்த்ததில்லை.